சமையலறை அடைப்பு: எங்கே நிக்குது, யார் சரிசெய்யணும்?

(பழைய வீடுகள் அதிகம் உள்ள சென்னைப் பகுதி ஒன்றில், குடியிருப்போர் நலச்சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தை விட்டுட்டு வந்திருக்கீங்க. அதனால நேரா விஷயத்துக்கு வர்றேன். உங்கள்ல எத்தனை பேர் வீட்ல சமையலறை சிங்க்ல தண்ணி தேங்குது? கை தூக்குங்க பார்ப்போம். பாதிப் பேருக்கு மேல இருக்கீங்க. சரி, அதுல எத்தனை பேருக்கு இந்த வருஷத்துல இது மூணாவது தடவை? தூக்கின கை ஒண்ணுமே இறங்கலையே!

நான் பிளம்பர் இல்லை, இன்ஜினியரும் இல்லை. செய்தித் துறையில எழுதுற வேலை. அரசு சேவைகளை மக்களுக்குப் புரியுற மாதிரி சொல்லணும், அவ்வளவுதான். கழிவுநீர் பற்றி எழுதுறதுக்காக வாரியத்து ஆட்கள்கிட்டயும் பிளம்பர் அண்ணன்கள்கிட்டயும் பேசினப்போ, ஒரு விஷயம் தெளிவா புரிஞ்சுது. ஒரு தடவை வர்ற அடைப்பு, சுத்தம் பண்ணினா போயிடும். திரும்பத் திரும்ப வர்ற அடைப்பு அப்படி இல்லை. அது குழாய்ல ஏதோ ஒரு இடத்துல கோளாறு இருக்குன்னு சொல்ற சேதி. அந்த இடம் எதுன்னு தெரிஞ்சாத்தான், அதை யார் சரிசெய்யணும்னு தெரியும். நீங்களா, வீட்டு ஓனரா, வாரியமா? இன்னைக்குப் பேச்சு அதைப் பத்தித்தான்.

பழைய வீட்ல மட்டும் ஏன் அடிக்கடி?

பழைய வீடுகள்ல பாத்திரம் கழுவுற இடத்துக்கு அங்கணம்னு பேரு. திருக்குறள்லயே வர்ற சொல் அது. தண்ணி கண்ணுக்கு முன்னாடியே ஓடி, முற்றத்து வாய்க்கால் வழியா வெளியே போகும். சோறு அடைச்சா உடனே தெரியும், குச்சியால தள்ளிவிடுவாங்க. அப்புறம் சிங்க் வந்துச்சு, குழாய் தரைக்கு அடியில போச்சு. அடைப்பு கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போயிடுச்சு. பிரச்சினை ஆரம்பிச்சது அங்கதான்.

பழைய வீட்டுக் குழாய்ல வழக்கமா வர்ற கோளாறுகள் இவை:

முதலாவது, குழாயே குறுகிப்போறது. பழைய இரும்புக் குழாய் உள்பக்கம் துருப்பிடிச்சு, வழி சின்னதாயிடும். அதுல எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டினா, ரெண்டு விரல் போற இடத்துல ஒரு விரல்தான் போகும்.

ரெண்டாவது, சாய்வு. கழிவுநீர்க் குழாய் சுமார் 4 அடிக்கு 1 அங்குலம் இறங்கணும்னு பிளம்பர்கள் கணக்கு வச்சிருக்காங்க. வருஷக்கணக்குல மண் இறங்கி, குழாய் நடுவுல தொய்ஞ்சுபோனா, அந்தப் பள்ளத்துல தண்ணி எப்பவும் தேங்கும். சோத்துப்பருக்கையும் பவுடரும் அங்கதான் படியும். எத்தனை தடவை எடுத்தாலும் அதே இடத்துல திரும்ப வரும்.

மூணாவது, இணைப்புகள். தரைக்கு அடியில போற பழைய சுட்ட மண் குழாய்களைச் சிமெண்ட் வச்சுத்தான் ஒட்டியிருப்பாங்க. அந்த ஒட்டு விரிஞ்சா, ஈரத்தைத் தேடி மரத்து வேர் உள்ளே வரும். வேர் ஒரு வலை மாதிரி நின்னு எல்லாத்தையும் பிடிச்சுவைக்கும்.

நாலாவது, தெரு உயர்ந்துபோறது. நம்ம ஊர்ல ரோட்டு மேலயே ரோடு போட்டுப் போட்டு, பழைய வீட்டு வாசல்படி தெருவுக்குக் கீழே போயிடுச்சு. பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துட்டுத்தான் புதுசு போடணும்னு 2021-ல அரசு அறிவுறுத்தியது. ஆனா ஏற்கனவே தாழ்ந்த வீடு தாழ்ந்ததுதானே! தெருக் குழாய் நிரம்பினா, தண்ணி முதல்ல திரும்பி வர்றது அந்த வீட்டுக்குத்தான்.

நாம உள்ளே அனுப்புறது என்ன?

குழாய் பழசுன்னு மட்டும் சொல்லிட்டுத் தப்பிக்க முடியாது. எண்ணெய் சட்டியில சூடா இருக்கும்போது தண்ணி மாதிரி ஓடும். குழாய்க்குள்ள ஆறினதும் சுவர்ல ஒட்டிக்கும். தேங்காய் எண்ணெயும் நெய்யும் குளிர்ந்தா உறையும்னு மார்கழியில பாட்டிலைப் பார்த்தவங்களுக்குத் தெரியும். நம்ம போர் தண்ணி உப்புத் தண்ணி. அதுல இருக்கிற சுண்ணாம்புச்சத்தும் எண்ணெயும் சோப்பும் சேர்ந்தா வெள்ளையா, மெழுகு மாதிரி கெட்டியாயிடும்.

வடிச்ச கஞ்சியும் அப்படித்தான். சூட்டுல ஓடும், ஆறினா பசை. தோசை மாவுப் பாத்திரம் கழுவுற தண்ணியும் அதே கதை. டீத்தூள், தேங்காய் நார், புளிச்சக்கை, கறிவேப்பிலைக் காம்பு எல்லாம் அந்தப் பசையில ஒட்டிக்கும். பாத்திரம் துலக்குற பவுடர்ல கல்தூள் கலந்திருக்கும். அது தண்ணியில கரையாது, அடியில படியும்.

இதுக்குப் பெரிய செலவு ஒண்ணும் இல்லை. எண்ணெய்ச் சட்டியைக் கழுவுறதுக்கு முன்னாடி பழைய பேப்பரால துடைச்சு, பேப்பரைக் குப்பையில போடுங்க. தட்டுல மிச்சத்தை வழிச்சு மக்கும் குப்பையில போடுங்க. கஞ்சியையும் மாவுத் தண்ணியையும் கொஞ்சம் தண்ணி சேர்த்துச் செடிக்கு ஊத்துங்க. சிங்க் ஓட்டையில ஒரு சின்ன ஸ்டீல் சல்லடை போடுங்க.

எங்கே அடைச்சிருக்கு? நீங்களே பார்க்கலாம்

பிளம்பரைக் கூப்பிடுறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் செலவு பண்ணுங்க. தண்ணி போற வழியை மனசுல வரைஞ்சுக்குங்க. சிங்க், அதுக்குக் கீழே வளைஞ்ச டிராப், தரைக் குழாய், வீட்டுக்கு வெளியே மூடி போட்ட சேம்பர், அங்கிருந்து தெருக் குழாய்.

சிங்க்ல மட்டும் தேங்குது, தரையில ஜாலி போட்ட நானி டிராப்ல தண்ணி நல்லாப் போகுதுன்னா, அடைப்பு பெரும்பாலும் சிங்க்குக்குக் கீழேதான். அடியில ஒரு வாளி வச்சு, டிராப்பைக் கையால திருகிக் கழட்டி, கழுவிப் போடுங்க. வேலை முடிஞ்சுது.

சிங்க்ல ஊத்தினா நானி டிராப் வழியா தரையில பொங்குதா? அப்போ அடைப்பு அதைத் தாண்டி, தரைக் குழாய்ல இருக்கு.

நீங்க ஒரு சொட்டுத் தண்ணி திறக்காதப்பவும் சிங்க்ல தண்ணி ஏறுதா? மாடியில இருக்கிறவங்க பாத்திரம் கழுவுறாங்க. ரெண்டு வீட்டுக் குழாயும் சேர்ற இடத்துக்கு அப்புறம்தான் அடைப்பு. மாடிக்காரங்ககூட சண்டை வேண்டாம், அவங்களுக்கும் சேர்த்துத்தான் பிரச்சினை.

அடுத்து, ரொம்ப முக்கியமான சோதனை. வெளியே இருக்கிற சேம்பர் மூடியைத் திறந்து பாருங்க. தலையை உள்ளே நீட்டாம, தள்ளி நின்னு பார்த்தாப் போதும். குழந்தைங்க பக்கத்துல இருக்கக் கூடாது, பார்த்ததும் மூடிடணும். சமையலறையில தேங்கி நிக்குது, சேம்பர் காலியா இருக்குன்னா, அடைப்பு வீட்டுக்குள்ள. சேம்பரும் நிரம்பி நிக்குதுன்னா, அடைப்பு அதுக்கு அப்புறம், தெருப்பக்கம். பக்கத்து வீட்டு சேம்பரும் நிரம்பியிருந்தா, கோளாறு தெருக் குழாய்லயேன்னு சொல்லிடலாம்.

நாலு போர்ஷன் இருக்கிற வீட்ல எந்தக் குழாய் எந்த சேம்பருக்குப் போகுதுன்னு தெரியலையா? ஒரு வாளித் தண்ணியில ரெண்டு ஸ்பூன் மஞ்சள் தூள் கலந்து சிங்க்ல ஊத்துங்க. மஞ்சள் எங்க வருதோ அதுதான் உங்க வழி.

இப்போ போனை எடுங்க. சேம்பரை ஒரு படம் எடுங்க. தேதி, எங்க தேங்குச்சு, பிளம்பர் எந்த இடத்துல அடைப்பை எடுத்தார், எவ்வளவு செலவுன்னு நாலு வரி குறிச்சுவைங்க. மூணு தடவை குறிச்சுட்டீங்கன்னா, அடைப்பு ஒரே இடமா இல்லையான்னு பளிச்சுனு தெரிஞ்சுடும்.

எதை ஊத்தக் கூடாது?

யூடியூப்ல பார்த்து சோடா உப்பும் வினிகரும் ஊத்துறவங்க இருக்கீங்க. நுரை நல்லா வரும். ஆனா ரெண்டும் ஒண்ணையொண்ணு முறிச்சுக்கிட்டு, கடைசியில பெரும்பாலும் உப்புத் தண்ணியும் வாயுவும்தான் மிச்சம். கெட்டியான அடைப்பு அசையாது. கொதிக்கிற தண்ணி ஊத்தினா பிவிசி குழாய் இளகும், இணைப்பு விடும். கொழுப்பு உருகினாலும் கொஞ்சம் தூரம் போய், ஆறி, அங்க உறையும்.

கடையில விக்கிற அடைப்பு நீக்கும் பவுடர் பலதுலயும் இருக்கிறது காஸ்டிக் சோடா. கண்ணுல பட்டா பார்வையே போகலாம். ஆசிட், பிளீச்சிங் பவுடர், காஸ்டிக் இதுல எதையும் எதுகூடவும் கலக்காதீங்க. ஆசிட்டும் பிளீச்சிங்கும் சேர்ந்தா குளோரின் வாயு வரும். கதவடைச்ச சமையலறையில அது உயிருக்கே ஆபத்து. இன்னொண்ணு, நீங்க காலையில பவுடர் போட்டுட்டு, மத்தியானம் பிளம்பரைக் கூப்பிட்டீங்கன்னா, அந்தக் குழாயைக் கழட்டுறவர் முகத்துல அது தெறிக்கும். போட்டிருந்தா அவர்கிட்ட முதல்லயே சொல்லுங்க.

ரப்பர் பிளஞ்சர், ஸ்பிரிங் கம்பி, பழைய முறையில மூங்கில் பிளாச்சு, இதெல்லாம் பவுடரைவிட நல்லது. அடைப்பைக் கரைச்சுத் தள்ளாம, வெளியே எடுத்துடும்.

ஓனரா, வாடகைதாரரா?

எனக்குத் தெரிஞ்ச ஒரு வீடு. கீழ் போர்ஷன்ல வாடகைக்கு இருந்தது வயசான தம்பதி. மாசம் ஒரு தடவை அடைப்பு. ஓனர், "நீங்க எண்ணெய் ஊத்துறீங்க"ன்னார். இவங்க, "குழாய் பழசு"ன்னாங்க. ஒவ்வொரு தடவையும் பென்ஷன் பணத்துலேர்ந்து பிளம்பருக்குப் போச்சு. கடைசியில வேற ஒரு பிளம்பர் வந்து, "சேம்பர் எங்க?"ன்னு கேட்டார். யாருக்கும் தெரியலை. தேடிப் பார்த்தா, சில வருஷத்துக்கு முன்னாடி போர்ட்டிகோவுக்கு டைல்ஸ் போட்டப்போ அதையும் சேர்த்து மூடியிருக்காங்க. டைல்ஸை உடைச்சுத் திறந்தா, குழாய் சேம்பருக்குள்ள நுழையுற இடத்துல உடைஞ்சு, மண் உள்ளே விழுந்து கிடந்துச்சு. எண்ணெயைக் குறைச்சு மட்டும் அது தீராது. குழாயை மாத்தினதும் அடைப்பு நின்னுச்சு. அது வரைக்கும் ரெண்டு குடும்பத்துக்கும் பேச்சுவார்த்தையே இல்லை.

இந்தச் சண்டைக்குச் சட்டத்துல வழி இருக்கு. தமிழ்நாடு வீட்டு உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம், 2017. நடைமுறைக்கு வந்தது 2019 பிப்ரவரியில. அதோட இரண்டாவது அட்டவணையில யார் எந்த ரிப்பேர் பார்க்கணும்னு பிரிச்சிருக்காங்க. கழிவுநீர்க் குழாயைச் சுத்தம் பண்றது வாடகைதாரர் பக்கம். தேவைப்படும்போது குழாயை மாத்துறது ஓனர் பக்கம். உங்க ஒப்பந்தத்துல இதைப் பத்தி என்ன எழுதியிருக்குன்னும் பார்த்துக்குங்க.

இப்போ அந்த நாலு வரிக் குறிப்போட மதிப்பு புரியுதா? எப்பவாவது ஒரு தடவை அடைச்சா, அது சுத்தம் பண்ற வேலை. வாடகைதாரர் பார்க்கட்டும். மூணு தடவையும் ஒரே இடத்துல அடைச்சா, குழாயை மாத்த வேண்டிய வேலையா இருக்க வாய்ப்பு அதிகம். தேதியும் படமும் இருந்தா, ஓனர்கிட்ட குரலை உயர்த்தாமலே பேசலாம். ஓனர்களுக்கும் ஒண்ணு சொல்றேன். தரை போடும்போது சேம்பரை மூடாதீங்க. அதே அளவுக்குத் தூக்குற மாதிரி மூடி போட்டுவைங்க. வீடு தெருவைவிடத் தாழ்ந்திருந்தா, கடைசி சேம்பர்ல தண்ணி திரும்பி வராம இருக்க நான்-ரிட்டர்ன் வால்வ் வைக்க முடியுமான்னு பிளம்பர்கிட்ட கேளுங்க.

தெருப்பக்கம்னா யாரைக் கூப்பிடணும்?

வீட்டு எல்லைக்குள்ள இருக்கிற குழாயும் சேம்பரும் வீட்டுக்காரங்க பொறுப்பு. தெருவுல இருக்கிற கழிவுநீர்க் குழாய், சென்னையில குடிநீர் வாரியத்தோட பொறுப்பு. மற்ற ஊர்கள்ல உங்க மாநகராட்சி, நகராட்சி அலுவலகத்தைக் கேளுங்க.

சென்னைக் குடிநீர் வாரியத்துக்குப் புகார் சொல்ல 1916-க்கு அழைக்கலாம், கட்டணம் கிடையாது. 044-45674567 எண்ணும் இருக்கு. பேசும்போது "சிங்க் அடைச்சிருக்கு"ன்னு சொன்னா, அது உங்க வீட்டு வேலைன்னுதான் பதில் வரும். "எங்க கடைசி சேம்பர் நிரம்பியிருக்கு, பக்கத்து வீட்லயும் அப்படித்தான், இந்தக் கதவு எண்ணுக்கு எதிர்ல இருக்கிற தெரு மூடி வழியா பொங்குது"ன்னு சொல்லுங்க. எந்த வண்டி அனுப்பணும், எங்க நிறுத்தணும்னு அவங்களுக்குத் தெரிஞ்சுடும். புகார் எண்ணை வாங்கி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைங்க. வேலை முடிஞ்சுதுன்னு செய்தி வந்து, வேலை முடியலைன்னா, அதே எண்ணைச் சொல்லித் திரும்பக் கேளுங்க.

ஒரே இடத்துல திரும்பத் திரும்ப வந்தா, வாரியத்தோட பகுதி அலுவலகங்கள்ல மாசா மாசம் ரெண்டாவது சனிக்கிழமை நடக்கிற குறைதீர்க் கூட்டத்துக்குப் போங்க. நாலஞ்சு வீட்டுக்காரங்களா சேர்ந்து, பழைய புகார் எண்கள், படங்களோட போனா பேச்சுக்கு பலம் அதிகம். அதுலயும் தீரலைன்னா முதலமைச்சரின் உதவி மையம் 1100. மழைநீர் வடிகால்ல பிரச்சினைன்னா மாநகராட்சியோட 1913.

அதோட, மொட்டைமாடி மழைத்தண்ணியைக் கழிவுநீர் சேம்பர்ல விடாதீங்க. மழை நாள்ல தெரு மூடியைத் திறந்து வெள்ளத்தை வடிய விடாதீங்க. அந்தக் குழாய் அவ்வளவு தண்ணிக்காகப் போட்டது இல்லை. நீங்க விடுற மழைத்தண்ணி, தாழ்வா இருக்கிற வீட்டுக்காரங்க சமையலறையில கழிவா பொங்கும். அதே மாதிரி, சமையலறைத் தண்ணியை மழைநீர் வடிகால்ல இணைக்கிறதும் தப்பு.

குழிக்குள்ள ஆள் இறங்கக் கூடாது

கடைசியா, என்னை இங்க வரவெச்ச விஷயம். அடைப்பு தீரலை, வாரியத்து வண்டி நாளைக்குத்தான் வரும், வீட்ல விசேஷம். அப்போ யாரோ ஒருத்தர், "ஒரு ஆள் இருக்கார், இறங்கி எடுத்துடுவார், ஐந்நூறு கொடுத்தாப் போதும்"னு சொல்வாங்க. தயவுசெஞ்சு ஒத்துக்காதீங்க.

கழிவுநீர்க் குழியில ஹைட்ரஜன் சல்பைடு வாயு தேங்கியிருக்கும். கொஞ்சமா இருந்தா அழுகின முட்டை நாத்தம் வரும். அளவு அதிகமானா மூக்கு மரத்துப்போய், நாத்தமே தெரியாது. இறங்கினவர் மயங்கி விழுவார். காப்பாத்த இறங்கின ரெண்டாவது ஆளும் விழுவார். ஒரே குழியில ரெண்டு மூணு பேர்னு செய்தி படிக்கிறோமே, அது இப்படி நடக்கிறதுதான்.

பாதுகாப்பு இல்லாம ஆளைக் கழிவுநீர்க் குழாயிலோ செப்டிக் டேங்கிலோ இறக்குறதை 2013-ம் வருஷச் சட்டம் தடை பண்ணியிருக்கு. முதல் தடவைக்கே 2 வருஷம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும். திரும்பச் செஞ்சா 5 வருஷம், 5 லட்சம் வரை. இது கான்ட்ராக்டருக்கு மட்டும்னு நினைக்காதீங்க, வீட்டுக்கு ஆள் வச்சு இறக்குறவங்களுக்கும் சேர்த்துத்தான். இப்படி இறந்தவர்களோட குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கணும்னு உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர்ல சொல்லியிருக்கு. ஆனா பணம் வந்து என்ன? ஒரு வீட்டு சிங்க் ஒரு நாள் முன்னாடி ஓடணும்கிறதுக்காக, இன்னொரு வீட்டு அப்பா போயிட்டாரே!

ஜெட் ராடிங் வண்டி இருக்கு, தூர்வாரும் இயந்திரம் இருக்கு, உறிஞ்சி எடுக்கிற லாரி இருக்கு. மேன்ஹோல்ங்கிற பேரையே மெஷின் ஹோல்னு மாத்திச் சொல்ல ஆரம்பிச்சிருக்காங்க, மனுஷன் இறங்குற இடம் இல்லைங்கிறதுக்காக. செப்டிக் டேங்க் உள்ள வீடுகள் 14420-க்கு அழைக்கலாம். தனியார் லாரியைக் கூப்பிட்டா, உள்ளாட்சி உரிமம் இருக்கான்னு கேளுங்க. யாராவது இறங்கப் போனா தடுங்க. ஏற்கனவே உள்ளே மயங்கிட்டார்னா, நீங்க இறங்காதீங்க. உடனே 112-க்குக் கூப்பிடுங்க, தீயணைப்புத் துறை வரட்டும்.

வீட்டுக்குப் போனதும் ஒரே ஒரு வேலை பண்ணுங்க. உங்க வீட்டு சேம்பர் எங்க இருக்குன்னு தேடுங்க. கிடைச்சா போன்ல படம் எடுத்து, வீட்ல எல்லாருக்கும் அனுப்பிவைங்க. கிடைக்கலைன்னா, அடுத்த அடைப்பு வர்றதுக்கு முன்னாடி கண்டுபிடிங்க. ராத்திரி பத்து மணிக்கு, தண்ணி தரையில பரவும்போது தேடுறதைவிட அது சுலபம்.

கேள்வி இருந்தா கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்.